சமாளிச்சுக்குவா

சலவைக் கம்பெனியில் எல்லோரும் அவளை சமாளியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். யார் என்ன சொன்னாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது அந்த ஒரே வார்த்தை. பாய்லர் நின்றுபோச்சா, சமாளிச்சுக்கலாம். ரெண்டு பேர் லீவா, சமாளிச்சுக்கலாம். ஹோட்டல்காரன் சாயங்காலத்துக்குள் விரிப்பெல்லாம் வேண்டுமென்று குதிக்கிறானா, குதிக்கட்டும், சமாளிச்சுக்கலாம். கிண்டலாக ஆரம்பித்ததுதான். போகப் போக அவளுடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டுமே தெரியும் என்று ஆகிவிட்டது.

அவளுக்கு அழுக்குத்துணி பிரிக்கிற மேசையில் வேலை. ஹோட்டல் விரிப்பு, ஆஸ்பத்திரி விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து விழும். எது டீக்கறை, எது மருந்துக்கறை, எது சீழ் என்று பார்த்துத் தனித்தனியாகக் கூடையில் போட வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு செய்கிற வேலையை அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே செய்வாள்.

அவள் வீட்டுக்காரர் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் பெயிண்டர். நல்ல மனுஷன், குடி கிடையாது, கை சுத்தம். ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனவர் அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, சாப்பாட்டுப் பாத்திரத்தை மேசையில் வைத்தார்.

"கேட்ல பூட்டு தொங்குது. வாட்ச்மேனையே காணோம்."

"சரி, உக்காருங்க. வேற இடம் பாப்போம். அதுவரைக்கும் சமாளிச்சுக்கலாம்."

அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்க ரொம்ப நாளாயிற்று. பஸ்ஸுக்கு வண்ணம் அடித்த கை, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்குமா என்று ஒரு வீம்பு. பட்டறையிலிருந்து எப்போதோ கொண்டுவந்த மிச்சப் பெயிண்டை எடுத்து, ஸ்டூல், நாற்காலி, அலமாரி, குளியலறைக் கதவு என்று வீட்டில் அகப்பட்டதற்கெல்லாம் மஞ்சள் அடித்துத் தீர்த்தார். "வீடு டிப்போ மாதிரி ஆயிடுச்சுப்பா, கண்டக்டர்தான் இல்ல" என்றாள் மகள். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு படிக்கிற பெண். ஒரே பிள்ளை.

அன்றிலிருந்து அந்த வீட்டை சமாளியக்கா நடத்திய விதம் இருக்கிறதே, அதைப் பார்க்கத்தான் வேண்டும். சாயங்காலம் ஒரு அறையில்தான் விளக்கு. அவள் தைப்பாள், மகள் படிப்பாள், அவர் பழைய பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படிப்பார். பற்பசை டியூபைக் கத்தரியால் பிளந்து வழித்தாள். கரைந்துபோன சோப்புத் துண்டுகளைப் பழைய காலுறைக்குள் போட்டுக் கட்டினால் இன்னும் பத்து நாள் ஓடும். சட்டைக் காலரைப் பிரித்து மறுபக்கம் திருப்பித் தைத்தால் சட்டைக்கு மறுபிறப்பு. கடைக்காரர் ஒதுக்கிப் போடும் முட்டைக்கோஸ் வெளி இலை, கேரட் தலை, வெங்காயத் தாள் எல்லாவற்றையும் வாங்கி வந்து ஒரு பெரிய பாத்திரத்தில் சூப் வைப்பாள். கம்பெனியில் கழித்துப் போட்ட விரிப்பைக் கேட்டு வாங்கி ஜன்னலுக்குத் திரை தைத்து, ஓரத்தில் கிழிந்த இடத்தை மறைக்கக் கலர் நூலில் பூ போட்டாள்.

அதற்காக வீட்டை வறண்டுபோய் இருக்கவும் விடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பெரிய வாளியில் வெந்நீர் விட்டு ஒரு கை உப்பு போடுவாள். மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து ஆறு காலையும் அதற்குள் விட்டுக்கொள்வார்கள். யார் கால் யார் கால்மேல் என்று சண்டை. தண்ணீர் ஆறுகிறவரைக்கும் பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பார்கள். அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பாள். "இவ இருக்கறவரைக்கும் எனக்கு என்ன குறை" என்று அவர் கண்ணை மூடிக்கொள்வார். அதைக் கேட்க அவளுக்கும் பிடித்திருந்தது. அதுதான் வினை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி முதலாளியம்மா படியேறி வந்தாள். அவசரமாக ஒரு ஹோட்டல் லோடு வந்திருக்கிறது, ஆள் வேண்டும், போன் எடுக்கவில்லையே என்று வந்தவள். உள்ளே நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். மஞ்சள் ஸ்டூலும் பூத்திரையும், வாளியில் ஆறு காலும், அடுப்பில் சூப் மணமும்.

"ஏம்மா, எவ்வளவு நிம்மதியா இருக்கீங்க! எங்க வீட்ல எல்லாம் இருக்கு, இது இல்லையே."

சமாளியக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஈரக்காலோடு எழுந்து ஓடி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். "ஒரு வாய் சூப் குடிங்கம்மா" என்றாள். முதலாளியம்மா ஒரு கிண்ணம் குடித்தாள், நன்றாக இருக்கிறது என்று இன்னொரு கிண்ணமும் குடித்தாள். மகள் பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வருஷம் கம்பெனியில் சம்பள உயர்வு இல்லை. பெண்கள் கூடிக் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். முதலாளியம்மா எல்லோரையும் மத்தியானம் ஒன்றாகக் கூட்டி, சமாளியக்காவை ஒரு பெட்டிமேல் ஏற்றி நிறுத்தினாள்.

"இவ வீட்டுக்காரருக்கு வேலையே இல்ல. ஆனா இவ வீட்டைப் போய்ப் பாருங்க, கோயில் மாதிரி இருக்கு. சொல்லும்மா, எப்படிச் சமாளிக்கறேன்னு எல்லாருக்கும் சொல்லு."

கைதட்டல் எதுவும் வரவில்லை. சமாளியக்கா காலுறை சோப்பைப் பற்றிச் சொன்னாள். காலர் திருப்புவதைச் சொன்னாள். கேரட் தலையைப் பற்றி ஆரம்பித்தபோது இஸ்திரி மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அடுத்து என்னக்கா, மூச்சை எப்படி மிச்சம் பிடிக்கறதுன்னு சொல்லித் தரப்போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே இறங்கினாள். அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சம்பளமும் ஏறவில்லை.

கொஞ்ச நாளில் பெரிய ஹோட்டல் ஒன்று வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. சிலருக்கு வேலையைப் பாதியாகக் குறைக்க வேண்டிய நிலைமை. யாருக்கு என்ற கேள்வி வந்தபோது முதலாளியம்மா ரொம்ப யோசிக்கவில்லை. இஸ்திரிக்காரி ஆபீஸ் ரூமில் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்திருந்தாள். மூட்டை தூக்குகிறவர் சத்தம் போட்டிருந்தார். சமாளியக்காவைக் கூப்பிட்டு, தோளில் கை வைத்து, "உன்னை நம்பித்தான் சொல்றேன். இனிமே நீ மத்தியானம் வரைக்கும் வந்தா போதும். மத்தவங்க எல்லாம் உடைஞ்சு போயிடுவாங்க. நீ சமாளிச்சுக்குவே" என்றாள்.

பழக்க தோஷம். "சமாளிச்சுக்கறேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தாள். தெருமுனை வரைக்கும் நடந்த பிறகுதான், தலையாட்டியது தன் பாதிச் சம்பளம் போவதற்குத்தான் என்று அவளுக்கு உறைத்தது.

சூப்பில் தண்ணீர் கூடிற்று. அவர் வேலை தேடிப் போவதாகச் சொல்லிவிட்டு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தார். மகள் மட்டும் எதையும் கேட்பதில்லை. புதுச் செருப்பு கேட்கவில்லை, சுற்றுலாவுக்கு எல்லோரும் பேர் கொடுத்தபோது இவள் கொடுக்கவில்லை. காலையில் அம்மாவுக்கு முன்னாடி எழுந்து தன் தலையணை உறையைத் தானே துவைத்துக் காயப்போட்டுவிடுவாள். "பாருங்க, பொண்ணு எப்படிப் பொறுப்பா வளந்துட்டா" என்று சமாளியக்கா வீட்டுக்காரரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. டீச்சர் கூப்பிடுகிறார் என்றதும் போனாள்.

"உங்க பொண்ணு இப்பெல்லாம் கூப்பிட்டா திரும்பறதே இல்லம்மா. திமிரோன்னு நெனச்சேன். நேத்து பக்கத்துல போய் நின்னு கூப்பிட்டேன், அப்பவும் திரும்பல. இடது காதுல பஞ்சு வெச்சிருக்கா. எடுக்கச் சொன்னா மாட்டேங்கறா."

ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது சமாளியக்கா மகளின் காதிலிருந்து பஞ்சை எடுத்துப் பார்த்தாள். மஞ்சளும் பச்சையுமாகக் கறை. மூக்குக்கு வந்த நாற்றத்தை அவள் வேறு யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தினமும் அவள் கைபடுகிற கறைதான். ஊரார் தலையணை உறையில் எல்லாம் கண்டுபிடித்துக் கூடையில் போட்டவள், தன் வீட்டுக் கொடியில் காய்ந்த உறையைத் தடவிப் பார்த்து மெச்சிக்கொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டர் விளக்கை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"எப்பலேருந்து வலிக்குது?"

"முன்னாடி ரொம்ப வலிச்சுது. இப்ப வலிக்கல" என்றாள் மகள், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல.

காதுச் சவ்வு போய்விட்டது, உள்ளே சின்ன எலும்பும் அரித்துவிட்டது, ஆபரேஷன் செய்து சீழைச் சுத்தம் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் தலைக்குள் போகும், ஆனால் அந்தப் பக்கம் இனிமேல் கேட்காது என்று டாக்டர் சொன்னார். வலி ஆரம்பித்ததுமே வந்திருந்தால் ஒரு சொட்டு மருந்தோடு போயிருக்கும் என்றும் சொன்னார். அதை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

வெளியே வந்து மரத்தடியில் நின்றார்கள்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"அப்பாவுக்கு வேலை கிடைச்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

"வலிக்கறப்ப என்னடி பண்ணின?"

"உப்பு வறுத்துக் கட்டி வெச்சுக்கிட்டேன். நீ அப்பாவுக்குச் செய்வியே, அது மாதிரி. நீ வேலைக்குப் போனப்புறம்." கொஞ்சம் நிறுத்தி, "நான் நல்லா சமாளிச்சேம்மா" என்றாள்.

சமாளியக்கா கையை ஓங்கிவிட்டாள். யாரை அடிப்பது என்று தெரியாமல் அந்தக் கையாலேயே மகளின் தலையை இழுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் அழுக்கு மேசைக்குப் போகவில்லை. நேராக ஆபீஸ் ரூமுக்குப் போனாள். ஆபரேஷன் வரைக்கும் லீவு வேண்டும், அதன் பிறகு முழுநேர வேலை வேண்டும் என்று கேட்டாள். "என்னால முடியலம்மா" என்றாள். அந்தச் சொல் அவள் வாயில் புதுச் செருப்புபோலக் கடித்தது.

முதலாளியம்மா பேனாவை மூடி வைத்தாள். முகத்தில் கோபம் இல்லை, நிஜமான வருத்தம்.

"நீயா இப்படிப் பேசறே? உன்னைத்தானே நான் எல்லாருக்கும் உதாரணமா காட்டினேன். கஷ்டம்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீங்க எங்க வீட்டுக்கு வந்து ரெண்டு கிண்ணம் சூப் குடிச்சீங்களே, ஞாபகம் இருக்கா? அதுதான் அன்னிக்கு எங்க மூணு பேருக்கும் ராத்திரி சாப்பாடு."

 வெளியே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளியம்மா மெதுவாகச் சொன்னாள்:

"குடிங்க குடிங்கன்னு சொன்னது நீதானே?"

 உண்மைதானே. போகும்போது முதலாளியம்மா ஒரு பை நிறைய பிஸ்கட்டும் புதுத் துண்டு இரண்டும் கொடுத்தாள். சமாளியக்கா பையைக் கேட் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். இஸ்திரிக்காரி பின்னாலேயே ஓடிவந்து, "அக்கா, பொண்ணுக்காவது கொண்டு போக்கா" என்று எடுத்துக் கொடுத்தாள். "நீயே வெச்சுக்க" என்று நடந்தாள் சமாளியக்கா.

வீட்டில் அன்றைக்கு முதல்தடவையாகச் சத்தம் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"இவ இருக்கா, இவ பாத்துக்குவான்னு சொல்லிச் சொல்லியே உக்காந்துட்டீங்க. நானும் கேட்டுக் கேட்டுக் குளிர்ந்து போயிட்டேன். நம்ம ரெண்டு பேர் நடத்தின குடும்பத்துக்கு அந்தக் குழந்தை காதைக் கொடுத்திருக்கு."

அவர் மறுநாள் காலையில் ஏணி தூக்குகிற ஆட்களோடு சேர்ந்து, கட்டி முடித்த ஒரு குடியிருப்புக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனார். சாயங்காலம் கண்ணெல்லாம் சிவந்து வந்தார். அதன் பிறகு ஒரு நாளும் வீட்டில் இருக்கவில்லை. அவள் கம்பெனிக்குத் திரும்பவில்லை, ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவப் போனாள். ஆபரேஷனுக்கு இடம் கிடைக்கப் பல மாதம் ஆயிற்று. சீழ் நின்றது. கேட்காதது கேட்காததுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர் சும்மா வாளியைப் பார்ப்பார். "இன்னிக்கு வெந்நீர்..." என்று ஆரம்பிப்பார். "வேணும்னா வெச்சுக்கோங்க, யார் வேண்டாம்னது" என்பாள் அவள். இரண்டு அறையிலும் விளக்கு எரியவிட்டாள். டியூபில் பாதி பசை இருக்கும்போதே தூக்கிப் போட்டாள். தூக்கிப் போட்டதில் ஒரு சுகமும் இல்லை. அதையும் கண்டுகொண்டாள்.

மகள் படித்து ஒரு துணிக்கடையில் பில் போடுகிற வேலைக்குப் போனாள். வாடிக்கையாளர் இடது பக்கம் நின்று பேசினால் சிரித்துக்கொண்டே நாற்காலியைத் திருப்பிக்கொள்வாள். யாருக்கும் தெரியாது. வலது காதைக் கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் கடை விட்டதும் சமாளியக்கா வாசலில் காத்திருப்பாள். இருவரும் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடப்பார்கள். அம்மா எப்போதும் மகளுக்கு இடது பக்கம்தான். அந்தப் பக்கம் வண்டி வந்தால் அவளுக்குத் தெரியாதே.

"அம்மா, இந்தப் பக்கம் வாயேன். நீ பேசறது ஒண்ணுமே கேக்கல."

"நான் பேசவே இல்லடி, நட."

ஆனால் உதடு அசைந்துகொண்டுதான் இருந்தது. சாலையைப் பார்த்தபடி, மகளின் செத்துப்போன காதுக்குப் பக்கத்தில், அவள் என்னவோ சொல்லிக்கொண்டே நடந்தாள்.