கரடியூரில் உப்புத் தண்ணீர்

இறால் வளர்ப்பது சுலபம்: தண்ணீரில் உப்பு சரியாக இருக்க வேண்டும், தீனி நேரத்துக்கு விழ வேண்டும், அதற்கு இறாலும் சம்மதிக்க வேண்டும். கோழியோ பட்டுப்புழுவோ வளர்த்து அவதிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கடற்கரைப் பண்ணைகளைப் பார்த்து ஆசைப்பட்ட ஒரு காப்பி எஸ்டேட் முதலாளி, மலைமேல் இருக்கும் கரடியூரில் தொட்டி கட்டி என்னை வேலைக்கு வைத்தார்.

உப்பு மூட்டை

கடல் இல்லாத இடத்தில் கடல் தண்ணீரை நாம்தான் கலக்க வேண்டும். சேலத்திலிருந்து கல்லுப்பு மூட்டைகளை பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்தேன். மூன்றாவது தடவை, அடிவாரத்தில் கண்டக்டர் பொறுக்க முடியாமல் கேட்டார்:

"ஏனுங்க, மலை மேல கருவாடு காய வெக்கறீங்களா, இல்ல மலையவே ஊறுகா போடறீங்களா?"

மழை

ஐப்பசியில் ஒரு மத்தியானம் பேய்மழை. தொட்டியில் உப்பு இறங்கிவிட்டது. இறால் குஞ்சுகள் தீனியைத் தொடாமல் ஓரத்தில் ஒதுங்கின. அவை செத்தால் என் வேலையும் போய்விடும். பதற்றத்தில் உப்பு பார்க்கும் கருவியைக் கீழே போட்டு உடைத்தேன்.

மழைத் தண்ணீர் மேலாகத்தான் நிற்கும். அதை மட்டும் வடித்துவிட்டு, உப்புக் கரைசலைக் குடம் குடமாக, நிறுத்தி நிறுத்தி ஊற்றினேன். ஒரேயடியாகக் கொட்டினால் அதிலேயே செத்துவிடும். கருவி இல்லாததால் நாக்கில் வைத்துப் பார்த்தேன். தீனி போடும் வெள்ளச்சி குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரசத்துக்கு உப்புப் பாக்கறாப்பல பாக்கறீங்களே சார், கொத்தமல்லி கிள்ளிப் போடட்டுங்களா?"

மார்கழிப் பட்டினி

முக்கால்வாசி பிழைத்தன. நாளுக்கு நாலு வேளை தீனி. தொட்டிக்குள் இறக்கிவைத்த தீனித் தட்டில் மிச்சம் கிடந்தால் அடுத்த வேளை குறைக்க வேண்டும். குளிரில் இறாலுக்குப் பசிக்காது என்பதால், மார்கழியில் இரண்டு வேளையாக்கினேன். அப்படியும் தட்டில் மிச்சம், தண்ணீரில் நாற்றம். ஒருநாள் ஒளிந்திருந்து பார்த்தால், வெள்ளச்சி கை நிறைய அள்ளிப் போடுகிறாள்! மிச்சத் தீனி அழுகினால் தண்ணீரே விஷம் என்று கத்தினேன். அவள் அசையவில்லை.

"குளுருக்கு நாம ஒரு உருண்டை களி சேத்தித் திங்கறமில்லீங்க? உங்க ஊட்டுப் புள்ளைங்கள நெனச்சா நொம்பப் பாவமா இருக்குதுங்க சார்."

விருந்து

அதன்பின் அவளே தட்டைத் தூக்கிப் பார்த்து அளந்து போட்டாள். கோடையில் தண்ணீர் சூடேறியதும் மறுபடி நாலு வேளை. கடற்கரையில் இதில் பாதி நாளிலேயே வந்துவிடும் வளர்த்திதான். ஆனாலும் விரல் நீளம் வந்தது. முதலாளி பூரித்துப்போய் விருந்து வைத்தார்.

வெள்ளச்சிக்கு ஒரு கிண்ணம் இறால் எடுத்துப் போனேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கண் கலங்கியிருந்தது. எனக்கும் என்னவோ போலாகிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"என் கையால வளத்ததுங்க, தொண்டைல எறங்காது. கோழிக் கொழம்பு இருந்தா ஒரு கரண்டி ஊத்துங்க."

இறாலுக்கு வேளை தவறாமல் தீனி வைத்த அந்த வருஷத்தில், எஸ்டேட்டிலேயே இளைத்துப்போனது நான் ஒருவன்தான்.