ஈக்களின் அறையில் விளக்கு வைத்த கதை

கண்ணுகளா, இங்கே குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. இருட்டினால் என் கை சுவிட்சைத் தேடிப் போகும். அந்தக் கைதான் உங்கள் அமெரிக்கப் பயணத்துக்கே உலை வைக்கப் பார்த்தது.

ஆராய்ச்சிக்கூடத்தில் பழ ஈக்களுக்கு மக்காச்சோளக் கூழ் காய்ச்சிப் புட்டியில் ஊற்றுவது என் வேலை. அன்னூர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து உங்கள் அம்மா, "ஏனுங்க, ஈக்குச் சோறாக்கவா ஏரோப்ளேன் ஏறிப் போனீங்க?" என்றாள். வேலை நிரந்தரமானால்தான் உங்களைக் கூட்டிவர முடியும் என்றேன். "அப்படீன்னா உப்புப் பாத்துப் போடுங்க" என்றாள்.

அந்த ஈக்களின் கண்ணைத்தான் எங்கள் கூடத்தின் தலைவி ஹெலன் அம்மா ஆராய்கிறார். கோயமுத்தூர் பம்புசெட் கம்பெனியில் ஸ்டார்ட்டர் மாட்டிய எனக்கு அது சுலபமாக விளங்கும். வெளிச்சம் கண்ணுக்குள்ளிருக்கும் ஒரு புரதத்தைப் பச்சைப் பட்டன் போல அமுக்குகிறது. அது பக்கத்திலிருப்பதை உசுப்ப, அது இன்னொன்றை உசுப்ப, கடைசியில் மடை திறக்கிறது. உப்பும் சுண்ணாம்புச் சத்தும் மின்சாரத்தைச் சுமந்துகொண்டு உள்ளே பாய்கின்றன. அதுதான் மூளைக்குப் போகும் சேதி. இதற்கெல்லாம் இமைக்கிற நேரம்கூட ஆகாது. ஈக்கு இமையும் கிடையாது.

ஒரு வகை ஈக்கு மட்டும் இந்த மடையில் கோளாறு. வெளிச்சத்தில் கிடந்தால் கண்ணே கெட்டுவிடும். அவற்றை இருட்டறையில் வளர்த்தார்கள். அது தெரியாமல் ஒருநாள் சாயங்காலம் புட்டி அடுக்கப் போனேன். விளக்கு வைக்கிற நேரத்தில் அறை இருட்டாகக் கிடந்தது. லைட்டைப் போட்டேன்.

ஹெலன் அம்மா ஓடிவந்து அணைத்தார். "யார் போட்டது?"

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: "நான்தானுங்க மேடம். பொழுது போயிருச்சுங்களே. இருட்டாக் கெடந்தா லட்சுமி உள்ள வரமாட்டாங்க."

"யார் அந்த லட்சுமி? அவளுக்குச் சாவி கொடுத்தது யார்?"

சாமி என்று விளக்க இங்கிலீஷ் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். ஈக்களின் கண் கெட்டிருந்தால் என் வேலையும் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அந்த அறை ஈ ஒன்றின் கண்ணில் கண்ணாடி ஊசியை வைத்து வெளிச்சம் காட்டினார். கண்ணின் மின்சாரத்தைக் கோடாகக் காட்டும் திரையையே நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கோடு துள்ளியது! கண் கெடவில்லை. போர்வெல்லில் தண்ணீர் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு.

அவர் ஒரு சிவப்பு விளக்கை நீட்டினார். "சிவப்பு இவற்றுக்குத் தெரியாது. இனி இதைப் போடுங்கள். உங்களுக்கு வேலை உறுதி. லட்சுமியை மட்டும் உள்ளே விடாதீர்கள்."

சாயங்காலம் எல்லோரும் போனபின் ஷூவை இருட்டறை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். சிவப்பு விளக்கைப் போட்டேன். எனக்கு விளக்கு வைத்தாயிற்று. ஈக்களுக்கு இருட்டு கலையவில்லை. அன்னூரில் நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். கும்பிட்டுக்கொண்டேன்.