உதயா ஆர்ட்ஸ் டாட் காம்

போனில் யாராவது "சக்தி மேடம் மனெயவ்ரா?" என்று கேட்டுவிட்டால் உதயகுமாருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கன்னடத்தில் அது மரியாதையான கேள்விதான். சக்தி மேடத்தின் வீட்டுக்காரர்தானே நீங்கள் என்று அர்த்தம். கேட்கிறவர்களும் குழைந்துதான் கேட்பார்கள். ஆனால் நாற்பத்தெட்டு வயதுவரைக்கும் அந்த வீட்டில் வெளியார் பேர் சொல்லிக் கேட்கிற ஒரே ஆள் அவர். திடீரென்று ஒருநாள் தன் மனைவியின் வீட்டுக்காரராக மட்டும் ஆகிவிடுவது லேசான காரியமா?

"ஹௌது" என்று ஆமாம் போட்டுப் போனைச் சக்தியிடம் நீட்டுவார். நீட்டுகிற கையில் கொஞ்சம் வேகம் இருக்கும்.

வேலை மைசூர் ஹெப்பாளில், ஒரு பெரிய ஐ.டி. கம்பெனியின் போக்குவரத்துப் பிரிவில். கம்பெனி பஸ் எந்தத் தெரு வழியாக வர வேண்டும், எந்த முனையில் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிறவர் அவர்தான். ஒரு நிறுத்தத்தை இரண்டு கடை தள்ளி வைத்தால் இருபது பேர் சண்டைக்கு வருவார்கள். அத்தனை பேரையும் சிரித்த முகமாகப் பேசி அனுப்புவார். பொறுமைசாலி என்று ஆபீசில் பேர். வீட்டில் அந்தப் பொறுமைசாலி இரண்டு வருடமாக உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார்.

அதற்குக் காரணம் இருந்தது. உதயகுமார் ஒரு காலத்தில் நிஜமாகவே நன்றாக வரைவார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தசரா ஓவியப் போட்டியில் பரிசு வாங்கியவர். அவர் குடியிருக்கும் மேட்டகள்ளியில் பிள்ளையார் சதுர்த்திக்குப் பந்தல் போட்டால், பின்னால் தொங்குகிற கைலாசமும் கங்கையும் அவர் கைவண்ணம். தெருவில் எல்லோரும் 'ஆர்ட்டிஸ்ட் உதயா' என்றே கூப்பிட்டார்கள். பிரஷ், வண்ணம் எல்லாம் போட்டு வைக்க ஒரு தகரப்பெட்டி வைத்திருந்தார். அதன் மூடியில் சிவப்பு எழுத்தில், எழுத்துக்கு நிழலெல்லாம் கொடுத்து, 'உதயா ஆர்ட்ஸ்' என்று எழுதியிருந்தார்.

பிறகு கொள்ளேகாலிலிருந்து பெண் அமைந்தது. பெண்ணின் அப்பா சித்தையன், பட்டுக்கூடு வியாபாரி. மாப்பிள்ளை பார்க்க வந்தவர் சுவரிலிருந்த படங்களை எல்லாம் நின்று நிதானமாகப் பார்த்தார்.

"படமெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். "ஆனா படம் சோறு போடாதுங்களே மாப்பிள்ளே. மாசம் பொறந்தா சம்பளம் வர்றாப்பல ஒரு வேலை பாத்துக்கிட்டீங்கன்னா, புள்ளையக் குடுக்கறதுக்கு எங்களுக்கு ஒரு தடையும் இல்லீங்க."

உதயகுமார் வேலை பார்த்துக்கொண்டார். பெண்ணும் வந்தாள். தகரப்பெட்டி பரணுக்குப் போனது. அன்றிலிருந்து தான் வரையாமல் போனதற்கெல்லாம் மாமனாரே காரணம் என்று வைத்துக்கொண்டார். சித்தையன் செத்து ஐந்தாறு வருடம் ஆகியும் அந்தக் கணக்கு தீரவில்லை. அதில் ஒரு சௌகரியம் இருந்தது. அதன்பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயினவே, அப்போதெல்லாம் பெட்டியை ஏன் இறக்கவில்லை என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனாலும் ஆசை விடவில்லை. ஆபீசில் கூட வேலை செய்யும் பரத் ஒருநாள், இணையத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு பேரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், நாம் வாங்கிவிட்டால் அதை வேறு யாரும் எடுக்க முடியாது என்றான். அன்றைக்கே 'உதயா ஆர்ட்ஸ் டாட் காம்' வாங்கினார். வீட்டில் மூச்சு விடவில்லை. பரத் போட்டுக்கொடுத்தபடி அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: 'விரைவில் வருகிறோம்.' வருடாவருடம் அதைப் புதுப்பிப்பார். சிலர் ஊருக்கு வெளியே மனை வாங்கிப் போட்டுவிட்டு அவ்வப்போது போய் எல்லைக்கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார்கள் இல்லையா, அதுபோல பஸ்ஸில் உட்கார்ந்து அந்த வெற்றுப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்வார்.

இப்படி இருக்கும்போதுதான் சக்தி பரணைச் சுத்தம் செய்தாள். தகரப்பெட்டி கீழே இறங்கியது. பக்கத்துத் தெருவில் ஜீவிதா என்றொரு பெண் வீட்டிலேயே மைசூர் பாணிப் படம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பொழுது போகட்டும் என்று சக்தி அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனாள். மாவுப்பசையால் நகை மேடுகட்டி, மேலே தங்க ரேக்கு ஒட்டி, நாலு மாதத்தில் ஒரு கஜலட்சுமி முடித்தாள். அது விற்றது. அடுத்ததும் விற்றது. ஊரின் கோகுலம் பகுதியில் யோகா படிக்க வந்த வெள்ளைக்காரி ஒருத்தி மூன்று படம் மொத்தமாக வாங்கிக்கொண்டு போனாள்.

ஆரம்பத்தில் உதயகுமார் பக்கத்தில் நின்று தப்புச் சொல்வார். "வீணை கோணலா இருக்கு பாரு." "அந்த முழங்கை அப்படி மடங்காது." அவர் சொல்வது எப்போதும் சரியாகத்தான் இருக்கும். சக்தியும் அழித்துத் திருத்துவாள். திருத்திய படம் இன்னும் நன்றாக விற்கும், அவள் பேரில். இது என்ன அநியாயம் என்று தப்புச் சொல்வதையே நிறுத்தினார். தப்போடு கூடிய படமும் அதே போல விற்றது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பொறாமைதான், வேறென்ன. சக மனிதன் மேல் பொறாமை என்றால் நாலு பேரிடம் திட்டித் தீர்க்கலாம். கட்டின பெண்டாட்டி மேல் வருவதை எங்கே போய்ச் சொல்வது?

ஆடி மாதத்தில் ஒருநாள் சாப்பிடும்போது சக்தி பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்க, பெங்களூருல படக் கண்காட்சி வெக்கறாங்களாம். ஜீவிதா என்னையும் சேத்துவிட்டிருக்கா. கார்டுல போடறதுக்கு வெப்சைட் வேணுமாம். எல்லாம் அவளே செஞ்சு தர்றேங்கறா. பேரு மட்டும் நாம முடிவு பண்ணோணும். நீங்களே நல்ல பேரா ஒண்ணு பாருங்க."

"உனக்கு என்ன பேரு வேணும்?"

"உங்களுக்கு எது பிடிக்குதோ அது."

கதவை அகலத் திறந்து வைத்தாற்போலத்தான் கேட்டாள். பொறாமைக்காரனுக்குத் திறந்த கதவிலும் பூட்டுத்தான் தெரியும். ஜீவிதாவும் இவளும் சேர்ந்து 'சக்தி ஆர்ட்' என்று எப்போதோ முடிவு செய்திருப்பார்கள், ஒப்புக்குக் கேட்கிறாள் என்று நினைத்தார். 'உங்க பேரையும் சேர்த்து வெக்கலாமா' என்று அவளாகச் சொல்ல வேண்டும். அவள் சொல்லவில்லை. வாய்விட்டுக் கேட்பது கேவலம் என்று இவர் கேட்கவில்லை.

"ஆடி நடக்குது" என்றார். "பேரு வெக்கற காரியம். ஆவணி பொறக்கட்டும்."

சக்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஆடித் தள்ளுபடியில் வாஷிங் மெஷின் வாங்கி, செவ்வாய்க்கிழமை ராகு காலத்தில் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர்.

"கார்டு அடிக்கக் குடுக்கோணுமுங்களே."

"பேருங்கறது ஒருதடவை வெச்சா வெச்சதுதான். அவசரப்பட்டு ஆகறது ஒண்ணும் இல்ல."

"சரிங்க" என்று துவையல் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

அந்த ஆடி முழுக்க உதயகுமார் பட்ட பாடு கொஞ்சமல்ல. காலையில் பஸ்ஸில் ஏறியதும் போனை எடுத்து ஒவ்வொரு பேராகப் போட்டுப் பார்ப்பார். 'சக்தி உதயா' யாரும் வாங்காமல் இருந்தது. சந்தோஷப்பட்டார். மறு நிமிடமே, என் பேர் ஏன் அவளுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று கோபம் வந்தது. 'உதயா சக்தி' என்று திருப்பிப் போட்டார். அதுவும் இருந்தது. ஆனால் வரைகிறவள் அவள், ஊர் சிரிக்காதா? ஒருநாள் மனசு இளகி, உதயா ஆர்ட்ஸையே தூக்கிக் கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தார். பெட்டி போனது போல பேரும் போகட்டும். அன்று மாலை வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது. "சக்தி மேடம் மனெயவ்ரா?" அத்தோடு அந்த நினைப்பு ஒழிந்தது. நான் கட்டின பந்தலில் அவள் போய் உட்காருவதா?

ஆவணி பிறந்தது. கடைசியில் 'சக்தி உதயா'தான் என்று பெரிய மனசு பண்ணி முடிவெடுத்திருந்தார். வருகிற வழியில் ஜாங்கிரி வாங்கினார். கைகால் கழுவி, விளக்கேற்றி, லாப்டாப்பைத் துடைத்து வைத்தார்.

"சக்தி, வா. இன்னைக்கு நல்ல நாள்."

சக்தி ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். "கோவிச்சுக்காதீங்க. அது ஆடியிலேயே வாங்கியாச்சுங்க. கார்டுக்கு நேரமில்லைன்னு ஜீவிதா அவசரப்படுத்துனா. நீங்க ஆவணின்னு சொன்னீங்களே, சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

"என்ன பேரு?"

"சக்தி சித்தையன்."

உதயகுமார் ஜாங்கிரிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார்.

"உங்கப்பா பேரா?"

"மொதல்ல நெனச்சது அது இல்லீங்க." சக்தி மூலையிலிருந்த தகரப்பெட்டியைக் காட்டினாள். "இதைத்தான் போட்டுப் பாத்தேன். உதயா ஆர்ட்ஸ். இந்தப் பொட்டி எறங்குனதுலதானே எல்லாமே ஆரம்பிச்சுது. நாளைக்கு நீங்களும் வரைஞ்சா அதுலயே போட்டுக்கலாமே. ஆனா எவனோ முந்தியே வாங்கி வெச்சிருக்கானுங்க."

"எவன்?"

"யாருக்குத் தெரியும்? உள்ள போய்ப் பாத்தா ஒரு படம் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. விரைவில் வருகிறோமாம். வருசக்கணக்கா அப்படியே கெடக்குதுன்னு ஜீவிதா பாத்துச் சொன்னா. வைக்கப்போர்ல படுத்த நாயாட்டம். தானும் திங்காது, மாட்டையும் திங்க விடாது."

அவள் முகத்தில் கள்ளமே இல்லை. அந்த நாய் நான்தான் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். பேர் அவர் கைக்குள் இருந்தது, அந்த நிமிடமே கொடுக்கலாம். உதயகுமார் வாயைத் திறந்தார்.

"நம்ம ரெண்டு பேர் பேரையும் சேத்து வெச்சிருக்கலாமே" என்றார்.

"ஜீவிதாவும் அதைத்தான் சொன்னா." சக்தி கோபமில்லாமல்தான் பேசினாள். "நீங்கதான் இத்தனை நாளா என் படத்தப் பத்தி ஒரு வார்த்தை சொல்றதில்லையே. மொதல்லயாவது தப்புச் சொல்லுவீங்க. இப்ப அதும் இல்ல. பிடிக்கலையாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். பிடிக்காதவங்க பேர எதுக்கு இழுக்கோணும்? படம் சோறு போடாதுன்னு சொன்னவரு எங்கப்பா. அவரு பேரையே போடுவோம், சோறு போடுதான்னு பாக்கட்டும்னு போட்டுட்டேன்."

ஒரு ஜாங்கிரியை எடுத்துக் கடித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் பஸ்ஸில் போகும்போது அவருக்கு ஒரு செய்தி வந்தது. உதயா ஆர்ட்ஸ் டாட் காம் கெடு முடிகிறது, புதுப்பிக்கிறீர்களா? புதுப்பிக்காமல் விட்டாலே போதும். எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கொஞ்ச நாளில் பேர் தானாக விடுபட்டுவிடும், சக்தி எடுத்துக்கொள்ளலாம். உதயகுமார் செய்தியை இரண்டுதரம் படித்தார். பிறகு பணத்தைக் கட்டினார். ஏன் கட்டினார் என்று அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

கண்காட்சிக்கு அவரும் பெங்களூருக்குப் போனார். சட்டமிட்ட படங்களைத் துணி சுற்றித் தூக்கிவர ஆள் வேண்டுமே. மண்டபத்தில் சக்தியின் படங்களுக்கு மேலே நீளமாக ஒரு பேனர் கட்டியிருந்தார்கள்: 'சக்தி சித்தையன், மைசூர்.' எழுத்துக்கு எழுத்து இடைவெளி சரியில்லை. நான் எழுதியிருந்தால் இப்படியா இருக்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றார். கூட்டத்துக்கு நடுவில் சக்தி யாருக்கோ தங்க ரேக்கு ஒட்டுவதைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள்.

கண்காட்சியை நடத்துகிற ரங்கம்மா, எழுபது வயது இருக்கும், மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் வீட்டம்மா, நேரே இவரிடம் வந்து கைகூப்பினார்.

"வாங்கோ மிஸ்டர் சித்தையன். உங்களைத்தான் பாக்கணும்னு இருந்தேன்."

உதயகுமார் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

"இப்பல்லாம் ஆம்படையான் பேரை யார் போட்டுக்கறா? இவ வெப்சைட்லேர்ந்து பேனர் வரைக்கும் உங்க பேரைத்தான் போட்டிருக்கா. நீங்க எவ்வளவு ஒத்தாசையா இருந்தேளோ, அதான்."

நான் சித்தையன் இல்லை என்று சொல்லலாம். சொன்னால் சித்தையன் யார் என்று கேட்பார். பிறகு உங்கள் பேர் என்ன என்பார். அதை ஏன் வைக்கவில்லை என்பார். அந்த வழி எங்கே போய் முடியும் என்று, பஸ்ஸுக்கு வழி போடுகிற மனிதருக்குத் தெரியாதா?

"நீங்களும் வரைவேளா?" என்று ரங்கம்மா கேட்டார்.

"இல்லீங்க" என்றார் உதயகுமார். "படம் சோறு போடாதுங்களே."

ரங்கம்மா வாய்விட்டுச் சிரித்தார். "நன்னாப் பேசறேள். மணி ஒண்ணாச்சு, கலைஞர்கள் குடும்பத்துக்கெல்லாம் இங்கேயே சாப்பாடு. போய்ச் சாப்பிடுங்கோ" என்று கையிலிருந்த டோக்கன் ஒன்றில் சித்தையன் என்று எழுதிக் கொடுத்தார். உதயகுமார் அதை வாங்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றார்.