கயிற்றின் மறுமுனை

நம்பினால் நம்புங்கள், சிரித்தாலும் பரவாயில்லை. இது எனக்கே நடந்தது. அதுவும் பட்டப்பகலில், பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரத்தில், என் வீட்டுக் கட்டிலில்.

என் பெயர் நெஸ்டோர். இருபத்திரண்டு வருடம் ஜீப்னி, அதாவது ஆள் ஏற்றும் நீளமான ஜீப், ஓட்டினேன். பிறகு முதுகுத்தண்டில் நோய் வந்தது. கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துவிட்டன. படுத்தால் நானாக எழ முடியாது. மனைவி மிலாதான் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைப்பாள். அவளுக்கும் இடுப்பு வலி. வெளியே சொல்ல மாட்டாள்.

சுகாதார நிலையத்துப் பெண் ஒரு கயிற்றேணி கொண்டுவந்தாள். நான்கு மரப்பிடிகள். ஒரு முனையைக் கால்மாட்டுப் பலகைக்கு வெளியே, கீழே, கட்டில் காலில் கட்டி, மறுமுனையைப் பலகை மேலாக என் கைக்கு எட்டும்படி போட்டாள். படுத்திருக்கும் எனக்கு அந்தக் கட்டு தெரியாது. பிடி மாற்றிப் பிடி இழுத்து எழுந்து உட்கார வேண்டும்.

ஒரு வாரம் இழுத்தேன். தோள்கூட மெத்தையை விட்டு எழவில்லை.

"பஸ்ஸோட போட்டி போட்ட கையா இது? என் துடைப்பத்துக்கு இதவிட பலம் இருக்கு," என்றாள் மிலா.

திங்கட்கிழமை மதியம். மிலா பள்ளி வாசலில் பொரித்த வாழைப்பழம் விற்கப் போயிருந்தாள். மழை. மணி 2.40. சும்மா இழுத்துப் பார்த்தேன்.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"நானே எந்திரிச்சேன், மிலா," என்றேன் மாலையில். அவள் என் உள்ளங்கையை நெடுநேரம் தேய்த்துவிட்டாள்.

செவ்வாய். அதே 2.40. இன்னும் சுலபமாக எழுந்தேன். ஒன்று மட்டும் உறுத்தியது. நான் முழங்கையை மடக்கும் முன்பே கயிறு விறைத்துவிட்டது. பிடியும் ஈரமாக இருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது.

புதன். கரண்ட் இல்லை. மணி 2.38. பிடியில் கை வைத்தேன். அவ்வளவுதான்.

கிர்ர்ர்ர்...

உட்கார்ந்துவிட்டேன். இழுப்பதை நிறுத்தினேன்.

கயிறு நிறுத்தவில்லை.

நெஞ்சு முழங்காலில் இடித்தது. போர்வை மேல் என் குதிகால்கள் வழுக்கின. பலகையில் பாதம் மோதியது. டொக்.

"யாரு?"

நின்றது.

பிறகு ஒரு சின்ன இழுப்பு. பொறுமை இழந்ததுபோல...

கைகளை விரித்துவிட்டேன்.

கயிறு கீழே விழவில்லை. மெதுவாக நகர்ந்தது. ஒவ்வொரு பிடியாகப் பலகை மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது.

டக்...

டக்...

டக்...

டக்.

என்னால் ஓட முடியாது. படுக்கவும் தைரியம் இல்லை. அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

4.15க்கு மிலா வந்தாள். கையில் கயிறு.

"இது எதுக்கு வாசல்ல கெடக்கு?"

"கட்டு அவுந்துருச்சா பாரு," என்றேன்.

அவள் குனிந்து கட்டில் காலைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழம தரை கழுவுனப்ப நாந்தான் அவுத்தேன், நெஸ்டோர். முனைய மடிச்சு பலகைக்குப் பின்னால போட்டேன். திரும்பக் கட்ட மறந்தே போச்சு."

திங்கள், செவ்வாய், புதன்.

அந்த மூன்று நாளும் கயிறு எதிலும் கட்டப்படவில்லை.