நானூற்றுப் பன்னிரண்டாம் கண்ணாடி

வாஹித் பாயின் ஸ்டூடியோவில் விளக்கு என்று ஒன்று கிடையாது. வடக்குப் பார்த்த ஒரு ஜன்னல், அதன்மேல் மெல்லிய துணி, எதிர்ப்பக்கம் கொடியில் ஒரு வெள்ளை வேட்டி. சரக்கு அவ்வளவுதான். அதை வைத்தே அழுதுவடியும் முகத்தையும் ஜமீன்தார் முகமாக்கிவிடுவார் என்று திருத்தணியில் அவருக்குப் பேர். பேருக்கு என்ன குறைச்சல்!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றில், பட்டாளத்துக்குப் போகுமுன் வேடியப்பன் வந்து நின்றான். ஸ்டூடியோவில் எல்லாருக்கும் பொதுவான கறுப்புக் கோட்டு அவன் மணிக்கட்டுவரை எட்டவில்லை. கூட வந்த அம்மா ஜெயம்மாள் களையெடுக்கும் கூலிக்காரி. இரண்டு பிரதி போடட்டுமா என்று பாய் கேட்டதற்கு அவள் ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். சுவரில் படம் மாட்டுவது செத்தவர்களுக்கு. உயிரோடிருக்கிற பிள்ளையை மாட்டினால் அவன் ஆயுசுக்கு ஆகாது. ஒரே பிரதிதான் போட்டார். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவன் அரக்கோணத்தில் ரயிலேறினான்.

சண்டை முற்றவும் பட்டணத்திலிருந்து கண்ணாடி வருவது நின்றது. மலைக்கு வருகிறவர்கள் முருகன் படம் கேட்காமல் போவார்களா? பாயிடம் மரச்சட்டம் இருந்தது, கண்ணாடி இல்லை. முகம் பதிந்த, பிரதி போட வைத்திருந்த பழைய கண்ணாடித் தகடுகளோ பெட்டி பெட்டியாகக் கிடந்தன. சோடா உப்பு போட்ட வெந்நீரில் அவற்றை ஊறவைத்துச் சுரண்டி, முருகன் படங்களுக்கு மாட்டினார். முகங்கள் கறுப்புத் தோலாகக் கழன்று சாக்கடைக்குப் போயின. மூலையில் அவர் கீறியிருந்த எண் மட்டும் போகவில்லை. அதை யார் பார்க்கப்போகிறார்கள்!

நாற்பத்துமூன்றில் தந்தி வந்தது. பர்மா எல்லையில் வேடியப்பன் போய்விட்டான். உடம்பும் வரவில்லை, சட்டைப்பைப் படமும் வரவில்லை. இனி மாட்டலாம், ஒரு பிரதி போட்டுக் கொடுங்கள் என்று ஜெயம்மாள் வந்து நின்றாள். நோட்டில் எண் நானூற்றுப் பன்னிரண்டு. பெட்டியில் தகடு இல்லை. தேடிக்கொண்டிருப்பதாக மூன்று தடவை பொய் சொல்லி அனுப்பினார்.

"அவன் முகம் மறந்துகினே வருது பாய். நீங்கதான் உத்துப் பாத்தீங்களே, எப்படி இருந்தான், சொல்லுங்க."

அவருக்குக் கோட்டுதான் ஞாபகம் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

நாலாம் தடவை அவளை அலையவிட மனம் ஒப்பாமல், உண்மையைச் சொல்லிவிட அவரே அவள் குடிசைக்குப் போனார். சுவரில் ஒரே படம், முருகன். மகன் நல்லபடியாகத் திரும்ப வேண்டுமென்று போன வருஷம் அவரிடமே வாங்கியது. கண்ணாடியின் கீழ்மூலையில், குங்குமத்துக்கு அடியில் கீறல் தெரிந்தது. நானூற்றுப் பன்னிரண்டு.

பாய் இதையும் மறைத்திருக்கலாம், இத்தனை நாள் மறைத்தவர்தானே. ஆனால் முடியவில்லை.

"அம்மா, உங்க புள்ள இந்தக் கண்ணாடியிலதான் இருந்தான். நான்தான் கழுவிட்டேன்."

அவள் வையவில்லை. வைதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். படத்தை இறக்கி, முந்தானையால் குங்குமத்தைத் துடைத்து, வாசல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"இதுல எந்த இடத்துல இருந்தான் பாய்?"

பாய் நடுவில் விரல் வைத்துக் காட்டினார். அங்கே முருகன் முகம் இருந்தது. ஜெயம்மாள் அதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.