எட்டு போடாமல் ஆம்பூர் வரை

2008 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, சத்துவாச்சாரி வீட்டு வாசலில் ஜெபம் பண்ணிவிட்டு என் பேட்டரி ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தேன். போக வேண்டிய இடம் ஆம்பூர். ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். பஸ்ஸில் போனால் ஒன்றேகால் மணி நேரம். ஆனால் பஸ்ஸில் போய்விட்டால் அக்கா எதை ஓட்டுவாள்?

அந்த வண்டியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். விலை இருபத்தேழாயிரம். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அது போகாது. அதனாலேயே அரசாங்கம் அதை ஒரு வண்டியாக மதிக்கவில்லை. லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். வேலூரில் அதை வாங்கியவர்களில் பாதிப்பேர் ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போடத் தெரியாமல் திரும்பியவர்கள்தான். நானும் அந்தக் கூட்டம். மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் வளைவில் காலை ஊன்றித் தொலைத்தேன். "டீச்சரம்மா போர்டுல மட்டும் அழகா எட்டு போடுவாங்க" என்று என் வீட்டுக்காரர் சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். நம்பர் பிளேட் வரவேண்டிய இடம் காலியாக இருந்தது. மற்ற கிறிஸ்தவ வீடுகளில் செய்ததைப்போல நாங்களும் அங்கே 'தேவ கிருபை' என்று எழுதி வைத்தோம்.

லீலா அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவள். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தே இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினாள். கல்யாணத்துக்கு முன்னால் நன்றாக சைக்கிள் ஓட்டுவாள். அப்புறம் ஆயுசு முழுக்கக் கம்பெனி பஸ்தான். அன்று சாயங்காலம் ஐந்தே முக்கால் ரயிலில் பெங்களூருக்கு, மகன் வீட்டுக்கே, ஒரேயடியாகப் போகிறாள். முதல் நாள் போனில் சொன்னாள்: "அங்க போனா அடுப்படியும் பேரப்பசங்களும்தான். உன் வண்டிய ஒரு தபா ஓட்டிப் பாத்துட்டுப் போயிருக்கலாம்டி. மோட்டார் வண்டில நானா போனதே இல்ல." அதற்கு மேல் எனக்குத் தூக்கம் பிடிக்குமா?

பள்ளிகொண்டாவை நெருங்கும்போது பதினோரு மணி. லாரிகள் என்னைப் பார்த்து ஹாரன் அடித்தே அலுத்துப் போயின. என் வண்டியிலிருந்து ஒரு சத்தமும் கிடையாது. முன்னால் போன மாட்டுக்கே நான் வருவது தெரியவில்லை. சுங்கச்சாவடி அருகில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னாம்மா, நம்பர் எங்க?"

"இதுக்கு நம்பர் கிடையாது சார். லைசென்சும் தேவையில்ல."

பின்பக்கம் போய்ப் பார்த்தார். "தேவ கிருபைன்னு எழுதிட்டா எல்லாம் கிடையாதா?"

ஸ்கூட்டர் கம்பெனிக்காரன் கொடுத்த காகிதத்தை நீட்டினேன். முழுதும் படித்துவிட்டு, ஏறி உட்கார்ந்து ஹாண்டில்பாரை இப்படியும் அப்படியும் திருப்பினார். "எங்க ஊட்டம்மாவும் எட்டுல ரெண்டு தபா போய்ட்டாங்க. கடை எங்கம்மா இருக்குது?" என்று கேட்டார். கடைக்கு வழி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

'ஒரு சார்ஜுக்கு அறுபது கிலோமீட்டர்' என்றுதான் விற்றார்கள். என் எடையையும், அக்காவுக்காக நான் கட்டி எடுத்துப் போன பிளம் கேக்கையும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லைபோல. மாதனூர் வரும்போதே பச்சை விளக்கு போய் மஞ்சளும் போய்ச் சிவப்பு எரிந்தது. இன்னும் பதின்மூன்று கிலோமீட்டர் பாக்கி. ஒரு பாய் டீக்கடையில் கெஞ்சி, மிக்சி போடும் பிளக்கில் ஒயரைச் செருகினேன். டீ மூன்று ரூபாய். முதல் வாய் குடிப்பதற்குள் மின்விசிறி நின்றுவிட்டது.

"கரண்ட் கட்டும்மா. ரெண்டு மணிக்குத்தான் வரும்" என்றார் பாய்.

"ஐயோ பாய், அக்காவுக்கு ரயில் இருக்குதே!"

"பேஜாராவாதீங்க. ரயிலு மட்டும் நேரத்துக்கா வரப்போவுது?"

அழுகைதான் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தையே அதட்டி வைக்கிறவள், டீக்கடை பெஞ்சில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் இரண்டு மணிக்குச் சொன்னபடி வந்தது. மூன்று மணிவரை சார்ஜ் ஏற்றினேன். பாய் காசு வாங்க மாட்டேன் என்றார். கேக்கில் ஒரு துண்டு கொடுத்துவிட்டு வந்தேன்.

தோல் வாடை மூக்கில் ஏறியதும் ஆம்பூர் வந்துவிட்டது என்று தெரிந்தது. மூச்சு முட்டுகிற அந்த நாற்றத்தை அவ்வளவு ஆசையாக நான் இழுத்ததே இல்லை. ஸ்டேஷன் பக்கத்துச் சர்ச் மைதானத்தின் கேட்டுக்குள் நுழையவும் வண்டி நிற்கவும் சரியாக இருந்தது. சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கியது. ஆக்சிலேட்டரை முறுக்கினேன். சக்கரம் அசையவில்லை.

போனில் பேசி வைத்திருந்தபடி, வேப்பமரத்தடியில் பெட்டிகளோடு அக்கா காத்து நின்றாள். வழியனுப்ப வந்த கம்பெனிப் பெண்கள் நான்கைந்து பேர் கூட இருந்தார்கள். புதுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். "வந்துட்டியாடி! நவுரு, நான் ஏர்றேன்."

அந்த முகத்தைப் பார்த்தபின் சார்ஜ் இல்லை என்று எப்படிச் சொல்வது? "ஏறுக்கா. பேலன்சுக்கு நான் பின்னாடி புடிச்சுக்குறேன்" என்றேன்.

முறுக்கினாள். நான் தள்ளினேன். வண்டி நகர்ந்தது.

"சத்தமே இல்லியேடி!"

"இந்த வண்டியே அப்படித்தான்க்கா."

கம்பெனிப் பெண்களில் ஒருத்தி வாயைத் திறக்கப் போனாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். புரிந்துகொண்டு கை தட்ட ஆரம்பித்தாள், மற்றவர்களும் தட்டினார்கள். அக்காவுக்குத் தெம்பு வந்துவிட்டது. "நீ காலை ஊனிட்டு வந்தியே, அந்த எட்டை நான் போடவா?" என்று இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே திருப்பினாள். ஒரு மரத்தை இடப்பக்கமாக, அடுத்ததை வலப்பக்கமாகச் சுற்றினாள். காலை ஊன்றவே இல்லை. வண்டி என்ன கனம், அக்காவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. முழு எட்டையும் முடித்துத்தான் இறங்கினாள். முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாக, கல்யாணத்துக்கு முன்னால் சைக்கிளில் வந்த லீலாவாகவே இருந்தாள்.

ரயில் அன்று பார்த்து நேரத்துக்கு வந்தது. ஸ்டேஷன் வாசலில் வாங்கிய பிரியாணிப் பொட்டலத்தையும் மிச்சக் கேக்கையும் ஜன்னல் வழியே கொடுத்தேன். ரயில் நகரும்போது அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏய், பேட்டரி வண்டிக்கு இப்படியாடி மூச்சு வாங்கும்?"

அவள் கண் நிறைந்திருந்தது, ஆனாலும் விழுந்து விழுந்து சிரித்தாள். "தள்ளினது நீயா இருக்கட்டும். எட்டு போட்டது நான்தான்!"

அன்று ஸ்கூட்டரை ஒரு காய்கறி வேனில் ஏற்றி ஊர் வந்து சேர்ந்தேன். அந்த ஸ்கூட்டர் கம்பெனியும் அதை விற்ற கடையும் இப்போது இல்லை. அக்காவும் பெங்களூர் மண்ணிலேயே தூங்கப் போய்விட்டாள். இன்று எங்கள் தெருவில் பாதி வண்டிகள் பேட்டரியில்தான் ஓடுகின்றன. நம்பர் பிளேட்டோடு விர்ரென்று போகின்றன. ஓட்டுகிற பெண்பிள்ளைகளின் கையில் லைசென்சும் இருக்கிறது. சத்தமில்லாமல் ஒன்று என்னைக் கடந்தால், பின்னால் யாராவது தள்ளிக்கொண்டு வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிடுகிறேன். நான் இன்றுவரை லைசென்ஸ் வாங்கவில்லை. எங்கள் குடும்பத்துப் பெண்களில் எட்டு போட்டது லீலா அக்கா ஒருத்திதான்.