டயர் வாங்க யாரைக் கேட்பது?

வாடகைக் கார் ஓட்டி நொந்துபோன உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: நம் தொழிலில் எஞ்சின்கூடப் பொறுத்துக்கொள்ளும், டயர் பொறுக்காது. என் காரின் முன்டயர் இரண்டும் நூல் தெரியத் தேய்ந்து நின்றபோது என் மனைவி அஞ்சலைக்கு ஒன்பதாம் மாதம். முதல் பிரசவமே பெரிய கண்டம். இந்தத் தடவை பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். பூந்தமல்லியிலிருந்து பதிமூன்று மைல். மான் மார்க் டயர் வாங்குவதா, கப்பல் மார்க் வாங்குவதா? யாரையும் நம்ப எனக்கு மனசு வரவில்லை.

கார் முதலாளி வாக்கு

அம்பத்தூர்ப் பண்ணைக்காரர் ஒருவர் மான் மார்க் போட்டிருந்தார். கேட்டதும் மீசையைத் தடவிக்கொண்டு, "மூணு வருஷமாச்சு, ஒரு பஞ்சர் கிடையாது" என்றார். அவர் உள்ளே போனதும் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அவருடைய டிரைவர் மாணிக்கம் வியர்க்க விறுவிறுக்க ட்யூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். ஏற்கெனவே அதில் பதினோரு ஒட்டு இருந்தது. என்னப்பா இது என்றேன்.

"அவுரு வாங்குனத அவுரே கொற சொல்லுவாரா நைனா? எறங்கித் தள்றது நாங்கதானே!"

துரை எழுதினது

சரி, விஷயம் தெரிந்தவரைக் கேட்போம் என்று பார்த்தேன். இங்கிலீஷ் பத்திரிகையில் ஒரு துரை டயர்களை ஓட்டிப் பார்த்து நல்லது கெட்டது எழுதுவாராம். பெட்ரோல் பம்பு குமாஸ்தா படித்துக் காட்டினார். கப்பல் மார்க்கை ஆகா ஓகோ என்று புகழ்ந்திருந்தார் துரை. ஓட்டிப் பார்த்ததோ வழவழவென்று தார் போட்ட மவுண்ட் ரோட்டில். ஆவடி ரோட்டுக் கருங்கல் ஜல்லியை அவர் கனவிலும் கண்டிருக்க மாட்டார். கட்டுரைக்குக் கீழேயே பாதிப் பக்கத்துக்குக் கப்பல் மார்க் விளம்பரம். குமாஸ்தா என்னைப் பார்த்தார்.

"மேல எழுதுனவரும் கீழ வெளம்பரம் குடுத்தவரும் ஒரே பந்தியில குந்திகினு துன்றாங்க போலக்கீது அண்ணாத்தே!"

மாங்காட்டு எலுமிச்சம்பழம்

புது டயர் போட்டால் மாங்காட்டில் பூஜை செய்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். கோயில் வாசலில் பழம் விற்கும் கன்னியம்மாவுக்குக் காரும் இல்லை, கம்பெனிக்காரன் உறவும் இல்லை. எவன் எந்த டயர் போட்டான், எப்போது மறுபடி பழம் வாங்க வருகிறான் என்பது மட்டும் அத்துப்படி. "மான் போட்டவன் ஆறு மாசத்துல திரும்ப வந்துடுவான். கப்பல் போட்டவன் ஒருத்தனும் இன்னும் வர்ல" என்றாள். இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? கப்பலையே வாங்கி மாட்டிக்கொண்டு பூஜைக்கு மறுபடி அவளிடம் போனேன்.

பழத்தை நசுக்கிய பிறகுதான் கேட்கத் தோன்றியது. "ஏம்மா, கப்பல் போட்டவன் டயர் நல்லாயிருந்து வரலையா, இல்லே ஆளே போய்ட்டானா?"

"அத்த நான் இன்னாத்தக் கண்டேன் நைனா? வந்து பழம் வாங்குறவனத்தான் எனக்குத் தெரியும்!"

போரூர் ஏரிக்கரை

ஒரு நாள் காலையில் அஞ்சலைக்கு வலி கண்டது. போரூர் ஏரிக்கரையில் முன்டயர் படாரென்று வெடித்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் போய்விடுவாள் என்றே பயந்து அழுதுவிட்டேன். எதிரே வந்த ஜட்கா குதிரைவண்டியைத் திருப்பி அவளை ஏற்றினோம். ஆஸ்பத்திரி வாசலை எட்டுமுன் ஜட்காவிலேயே பெண் பிறந்தாள். இருவரும் பிழைத்தது அம்மன் புண்ணியம்.

மூன்று மாதம் கழித்து மாணிக்கம் வீட்டுக்கு வந்தான். அவன் முதலாளிக்குப் புது டயர் வேண்டுமாம். "கப்பல் எப்டி நைனா?" என்றான். அத்தனை பேரை விசாரித்து வாங்கியவன் வாயால் எப்படிக் குறை சொல்வது? மீசையைத் தடவிக்கொண்டு, "அருமையான டயர்!" என்றேன். குழந்தையைத் தோளில் போட்டபடி அஞ்சலை வெளியே வந்தாள்.

"அவர ஏன் கேக்குற? ஜட்காவுல புள்ள பெத்தவ இங்க கீறேன், என்னக் கேளு!"

ஆகவே அன்பர்களே, டயரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள், சொல்கிறவன் நானாகவே இருந்தாலும்.